மேஸ்திரியைப் பார்க்க வந்தவர்

நோயாளியைப் பார்க்க வந்த ஒருவர் நோயாளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவதை நான் அந்த அம்மாவிடம்தான் முதல்முதலாகப் பார்த்தேன். ரேணிகுண்டாவில் என் ஷெட்டுக்குள் ஸ்கூட்டியை நிறுத்தினார், செருப்பைக் கழற்றினார். இரும்புத் தூளும் பெயிண்டுப் பொடியும் கிடக்கிற தரை அது. நாங்களே ஷூ இல்லாமல் நடக்க மாட்டோம். அவர் வெறுங்காலோடு வந்து, என் நாய் படுத்திருந்த சாக்குக்கு நாலடி தள்ளி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டார்.

“இன்னாம்மா, நாய் அந்தப் பக்கம் இருக்குது,” என்றேன்.

“தெரியும் அண்ணா. நான் அதைப் பார்க்கறதுக்கு முன்னாடி அது என்னைப் பார்த்துக்கட்டும்.”

கால் மணி நேரம் போயிருக்கும். நாய் எழுந்து நொண்டிக்கொண்டே வந்து அவர் முழங்கையை முகர்ந்தது. அப்புறம்தான் திரும்பினார். அதற்குள் நான் மூன்று தடவை வாட்சைப் பார்த்துவிட்டேன். என்னைப் பார்க்க வருகிறவர்கள் யாரும் என்னை அப்படிக் காக்க வைத்ததில்லை.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. என் போனில் என் வீட்டுக்காரி ‘நாய் சிஸ்டர்’ என்று போட்டுக் கொடுத்திருந்தாள். அதைத் தட்டினால் அவர் பேசுவார். மூன்று மாநிலத்து லாரிக்காரர்களின் பெயரும் வண்டி நம்பரும் எனக்கு மனப்பாடம். என் வாசலுக்கு மாசக்கணக்கில் வந்து போன ஒருத்தருடைய பெயரை மட்டும் கேட்கத் தோன்றவில்லை. போன வருஷம் ஸ்கூட்டியை விற்றுவிட்டு மகளோடு ஓசூருக்குப் போய்விட்டார் என்று கேள்வி. இப்போது தட்டினால் அந்த நம்பர் இல்லை என்று தெலுங்கில் ஒரு குரல் சொல்கிறது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் சித்தூர்க்காரன். மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதோடு சரி. லாரியில் கிளீனராக ஏறியவன், லாரிக்குப் பாடி கட்டுகிற ஷெட்டுக்கு முதலாளியாக இறங்கினேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. என் ஷெட்டுக்கு வந்த வண்டி ஒன்றைக்கூட நான் பழைய இரும்புக்கு உடைக்க அனுப்பியதில்லை. மலை ரோட்டில் உருண்டு அப்பளமாக நொறுங்கியதை எல்லாம் திரும்ப ஓட விட்டிருக்கிறேன். ‘முடியாது’ என்ற பேச்சை என் ஷெட்டில் யாரும் எடுக்கக் கூடாது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த அம்மாவும் சித்தூர்ப் பக்கம்தான், எங்களை மாதிரி சர்ச்சுக்குப் போகிறவர். ஐம்பது வயசு இருக்கும். திருப்பதியில் கால்நடை ஆஸ்பத்திரியில் ரொம்ப வருஷம் கம்பவுண்டர் வேலை பார்த்தவர். அதை விட்ட பிறகு, டாக்டர் கைவிரித்த நாயும் பூனையும் இருக்கிற வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார். பிழைக்க வைக்கிற வேலை இல்லை அது. சாகிற வரைக்கும் எப்படி வைத்துக்கொள்வது என்று வீட்டுக்காரர்களுக்குக் காட்டுகிற வேலை. புண் வராமல் இருக்க எத்தனை மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைப்பது, ஊசி இல்லாத சிரிஞ்சியில் கடைவாய் வழியாகத் தண்ணீர் விடுவது, இட்லிக்குள் மாத்திரையை ஒளிப்பது. கூடையில் பழைய வேட்டித் துணி மடித்து வைத்திருப்பார். நாயின் பின்பக்கத்தை வெந்நீரில் துடைத்துவிடுகிறபோது அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. பெற்ற பிள்ளைக்குச் செய்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் வாய் அப்படி இல்லை. “நாக்குல ஈரமே இல்ல அந்தம்மாவுக்கு,” என்பாள் என் வீட்டுக்காரி. யாராவது ‘டாக்டரம்மா’ என்று கூப்பிட்டுவிட்டால் போதும், “நான் டாக்டர் இல்லை, கம்பவுண்டர்” என்பார். அதே ஆள் அடுத்த நிமிஷம் மறுபடி டாக்டரம்மா என்றால் மறுபடி சொல்வார். சலிக்கவே மாட்டார். ‘சரியாயிடும், கவலைப்படாதீங்க’ என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் வாங்கியதில்லை. அதனாலேயே ஒருதரம் கூப்பிட்டவர்கள் சிலர் மறுதரம் கூப்பிட மாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் இரண்டு பேருக்குள் வழக்கென்றால் காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் வந்து சத்தியம் பண்ணு என்பார்கள். அங்கே பொய் சொல்ல எல்லோருக்கும் பயம். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், ஆனாலும் சொல்கிறேன், அந்த அம்மா எதிரில் உட்கார்ந்தாலும் அதே கதைதான். மிரட்ட மாட்டார். ஒன்று கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். நாம்தான் நெளிய வேண்டும்.

என் நாயைப் பார்க்க வந்திருந்த ஒருநாள் அவர் ஸ்கூட்டி பஞ்சர். காளஹஸ்தியில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். நானே காரில் கொண்டுபோய் விட்டேன். திண்டிவனத்துப் பையன் ஒருத்தன், இருபத்தைந்து வயசு, ஸ்ரீசிட்டியில் ஏதோ கம்பெனி வேலை, ஒற்றை ரூமில் ஒரு பூனையோடு இருந்தான். பூனைக்குச் சிறுநீரகம் போய்விட்டது. பஞ்சு மாதிரி கிடந்தது. இன்றோ நாளையோ என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

“ஷிஃப்டுக்கு லீவு சொல்லணும் சிஸ்டர். காய்ச்சல்னு சொல்லிடறேன்,” என்று பையன் போனை எடுத்தான்.

“உனக்குக் காய்ச்சலா?”

“இல்ல.”

“அப்புறம்?”

“பூனை சாகுதுன்னு சொன்னா சிரிப்பாங்க சிஸ்டர்.”

“சிரிக்கட்டும். நாளன்னிக்கு நீ கண்ணு வீங்கிப் போய் நிப்ப. காய்ச்சல் வந்தவன் ஏன்டா அழுதுக்கினு இருக்கறான்னு கேப்பாங்க. அப்ப எதைச் சொல்லுவ?”

பையன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தேன். கடைசியில் போன் பண்ணி உள்ளதைச் சொன்னான். அந்தப் பக்கம் சூப்பர்வைசர் சிரித்தது எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. பையன் முகம் சுண்டிப்போனது. அப்புறம் அந்தக் குரல் மாறியது. “ஏய், உன் வாட்ஸாப் போட்டோல இருக்குதே, அந்த வெள்ளப் பூனையா?” என்று கேட்டது. பையன் போனைக் கீழே வைத்துவிட்டுப் பூனைப் பக்கம் திரும்பினான்.

திரும்பி வரும்போது கேட்டேன். “ஒரு வார்த்தை காய்ச்சல்னு சொல்லிட்டுப் போனா இன்னாம்மா குடி முழுகிடும்?”

“குடி முழுகாது அண்ணா. ஆனா அது சாகறதைச் சொல்ல வெக்கப்பட்டான்னா, பக்கத்துல உட்காரவும் வெக்கப்படுவான். அதுங்களுக்கு மருந்து முடிஞ்சு போச்சு. பக்கத்துல ஆள் இருக்கறது ஒண்ணுதான் பாக்கி.”

‘பெரிய இவ’ என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். உள்ளதைச் சொல்ல வேண்டிய முறை எனக்கும் வரும் என்று அப்போது தெரியவில்லை.

என் நாயின் பெயர் மேஸ்திரி. செவலை நிறம், நாட்டு நாய். பழுதுக்கு வந்த ஒரு வண்டியின் டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடந்த குட்டி. பதிமூன்று வருஷம் இருந்தது. காலையில் ஷெட்டில் நிற்கிற எல்லா வண்டியையும் ஒரு சுற்றுப் பார்த்து, ஒவ்வொன்றின் பின் சக்கரத்திலும் காலைத் தூக்கிக் கையெழுத்துப் போடும். அப்புறம் உட்கார்ந்து மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்க்கும். அதனால் ஆட்கள் வைத்த பெயர் அது. இரும்புக்கு முதல் கோட்டு அடிக்கிற சிவப்பு ப்ரைமரின் பொடி எங்கள் தரையெல்லாம் கிடக்கும். அதில் நடந்து நடந்து மேஸ்திரியின் உள்ளங்கால் நாலும் எப்போதும் செக்கச்செவேல் என்று இருக்கும். ஷெட்டுக்குப் பின்னாலேயே வீடு. உள்ளே வந்தால் டைல்ஸ் முழுக்கச் சிவப்புத் தடம். “வந்துட்டான் பாரு, கோலம் போட,” என்று என் வீட்டுக்காரி விளக்குமாற்றோடு துரத்துவாள்.

பின்னங்கால் எலும்பில் கட்டி வந்தது. திருப்பதிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “இந்த வயசுல ஆபரேஷன் முடியாது” என்றார். என்னிடமா அந்த வார்த்தை! மெட்ராஸ் போகிறேன், பெங்களூர் போகிறேன் என்று குதித்தேன். அவர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் அந்த அம்மா வந்தது.

“இதுக்கு உசுரா இருக்கற மூணு விஷயம் சொல்லுங்க அண்ணா,” என்றார் முதல் நாளே.

யோசிக்கவே வேண்டியதில்லை. காலைச் சுற்று ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு விட்டு வந்ததும் போடுகிற ஆட்டு எலும்பு ஒன்று. மூன்றாவது ஹாரன். புது பாடி கட்டி முடித்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ஓனர் முதல்தரம் ஏர் ஹாரனை அடிப்பார். மேஸ்திரி எங்கே இருந்தாலும் ஓடி வந்து வண்டி முன்னால் நின்று, கழுத்தைத் தூக்கி ஹாரனோடு சேர்ந்து ஊளையிடும். மற்ற இடத்தில் நாய் ஊளையிட்டால் அபசகுனம். என் ஷெட்டில் மேஸ்திரி ஊளையிடாமல் ஒரு ஓனரும் வண்டியை வெளியே எடுக்க மாட்டார்.

அந்த அம்மா ஆபீஸ் ரூம் சுவரில் இருந்த பெரிய கட்டம் போட்ட தெலுங்கு காலண்டரைப் பார்த்தார். ஒரு பென்சிலை நூலில் கட்டி அதில் தொங்க விட்டார்.

“தினம் சாயங்காலம் லைட்டு போடறதுக்கு முன்னாடி இதுல ஒரு குறி போடுங்க. இந்த மூணுல ரெண்டு பண்ணுச்சுன்னா வட்டம். பண்ணலைன்னா கோடு. ஹாரன் இல்லாத நாள், எலும்பு இல்லாத நாள் இருக்கும். அன்னிக்குச் சுத்தி வந்துச்சா, தானாத் துன்னுச்சான்னு பாருங்க. கோடு அதிகமாச்சுன்னா கூப்பிடுங்க.”

“வந்து இன்னா பண்ணுவ?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன். டாக்டர் ஊசி போடுவார். ஆனா போடலாம்னு நான் சொல்ல மாட்டேன், டாக்டரும் சொல்ல மாட்டார். நீங்கதான் சொல்லணும். உங்க கூடத்தான் அது இருந்துச்சு.”

என் பேத்திக்கு அப்போது ஆறு வயசு. “மேஸ்திரிக்கு இன்னா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். என் வீட்டுக்காரி, “அதைத் தூங்க வெக்கப் போறாங்கடி கண்ணு,” என்றாள். அந்த அம்மா துணி அலசிக்கொண்டு இருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“தூங்க வெக்கறது இல்லை பாப்பா. அது செத்துப் போகும். செத்துப் போனா எழுந்துக்காது, வலிக்காது.”

என் வீட்டுக்காரிக்கு வந்ததே கோபம். “கொழந்த கிட்ட பேசற பேச்சாம்மா இது?”

“இன்னிக்கு ராத்திரி இவளைத் தூங்குன்னு சொல்லுவீங்க இல்ல அக்கா? தூங்கினா எழுந்துக்க மாட்டாங்கன்னு நினைச்சுக்குவா.”

பேத்தி சுவரோரம் இருந்த மேஸ்திரியின் சோற்றுத் தட்டைப் பார்த்தாள். “அப்ப அதோட தட்டு யாருக்கு?” என்று கேட்டாள். “எனக்குத் தெரியலை,” என்றார் அந்த அம்மா. பேத்திக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது போல. அன்றிலிருந்து அவரோடு ஒட்டிக்கொண்டாள்.

முதல் ஒன்றரை மாசம் வட்டம்தான் அதிகம். நான் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே வட்டம்தான். அப்புறம் ஒரு கோடு வந்தது. இரண்டு நாள் கழித்து இன்னொன்று. அந்த வாரம் அந்த அம்மா வேறொரு வீட்டு நாய்க்காகச் சித்தூர் போயிருந்தார். ஒரு காலையில் மேஸ்திரி எழுந்திருக்கப் பார்த்தது, பின்னங்கால் வரவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மேஸ்திரிக்கு ஒரு வண்டி கட்டினேன். வாழ்க்கை முழுக்க அதைத்தானே செய்திருக்கிறேன். ஒரே நாளில் முடித்தேன், நானே வெல்டிங் வைத்தேன். நாலு ரப்பர் சக்கரம், கீழே குட்டி ஸ்பிரிங், மேலே டிரைவர் சீட்டு ஃபோம், பக்கத்தில் லாரிக்கு வைக்கிற மாதிரியே இறக்கி ஏற்றுகிற பலகை, கொக்கி. மஞ்சள் பெயிண்டு. பின்னால் ‘ஹாரன் அடிக்கவும்’ என்று எழுதக்கூடச் சொன்னேன். மேஸ்திரியைத் தூக்கி அதில் வைத்து, காலைச் சுற்று முழுக்க இழுத்துப் போனேன். ஒவ்வொரு வண்டியின் பின் சக்கரத்திலும் நின்று நின்று போனேன். அது வாயைத் திறந்து நாக்கைப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கியது. சிரிக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் காலண்டரில் வட்டம் போட்டேன்.

என் ஷெட்டில் பதினைந்து வருஷமாக இருக்கிற வெல்டர் ஒருத்தன், தெலுங்குக்காரன், தயங்கித் தயங்கி வந்தான். “சார், அது நடக்கலை கதா?” என்றான், நடக்கவில்லை அல்லவா என்று.

“சுத்தி வந்துச்சா இல்லையா?”

“வச்சிந்தி சார், கானி...” வந்தது, ஆனால் என்று இழுத்தான்.

“நீ போய் வெல்டிங்கைப் பாரு.”

ஞாயிறு எலும்பிலிருந்து கறியைச் சுரண்டி நானே வாய்க்குள் வைத்தேன், விழுங்கியது. ஒரு வண்டி முடிந்து ஹாரன் அடித்தபோது மேஸ்திரியை ஹாரனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஊளை வரவில்லை. காது ஆடியது. வட்டம். அந்த அம்மா சித்தூரிலிருந்து போன் பண்ணி, “எப்படிண்ணா போகுது?” என்றார். “வட்டம்தாம்மா, வரிசையா வட்டம்,” என்றேன். அந்தப் பக்கம் சும்மா இருந்தார். நானும் விடவில்லை, சும்மாவே இருந்தேன். போனில் அவரை ஜெயிக்கலாம். முகம் தெரியாது.

பதினோராம் நாள் வந்தார். காலண்டரைப் பார்த்தார். பத்து வட்டம், அச்சு மாதிரி. வண்டியையும் அதில் படுத்திருந்த மேஸ்திரியையும் பார்த்தார். அன்றைக்கு முதுகைக் காட்டி உட்காரவில்லை. நேராக வந்து, முன்னங்கால் ஒன்றைக் கையில் எடுத்து, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். அடுத்த கால். நாலையும் பார்த்தார்.

“யார் அண்ணா கழுவிவிட்டது?”

“யாரும் கழுவலையே,” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது.

நாலு காலும் வெளுத்துப்போய், பிறந்த குட்டிக்கு இருக்கிற மாதிரி சுத்தமாக இருந்தது. பதிமூன்று வருஷம் எந்தச் சோப்புக்கும் போகாத சிவப்பு, தரையில் கால் வைக்காத பத்து நாளில் போய்விட்டிருந்தது.

“கீழே இறக்குங்க அண்ணா,” என்றார். முதல் வண்டியின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இறக்கிப் படுக்க வைத்தேன். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க.” தள்ளி நின்றேன். அவர் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

காலை பத்து மணி இருக்கும். வெல்டர் கிரைண்டரை நிறுத்திவிட்டான், யாரும் சொல்லாமலே. மேஸ்திரி சக்கரத்தை முகர்ந்து பார்க்கக் கழுத்தை நீட்டியது, எட்டவில்லை. முன்னங்காலை ஊன்றி ஒருதரம் தன்னை இழுத்துப் பார்த்தது. ஒரு ஜாண்கூட நகரவில்லை. அப்புறம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. தூக்க முடியாத இரும்பை வைத்துக்கொண்டு நிற்கிற ஆள், தன்னை வேலை வாங்குகிற மேஸ்திரி ‘விடுடா’ என்று சொல்லமாட்டாரா என்று பார்ப்பான் இல்லையா, அப்படி. நாங்கள் எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. வாட்சை நான் பார்க்கவில்லை.

“போதும்மா,” என்றேன்.

அவர் திரும்பவில்லை. “இன்னா போதும் அண்ணா?”

அவரை அறைந்தால் என்ன என்று தோன்றியது. அவ்வளவு கோபம். “அது பட்டது போதும். என்னால ஆவலை. டாக்டரை வரச் சொல்லு.”

அப்போதுதான் திரும்பினார். எழுந்து வந்து மேஸ்திரியின் தலைக்குக் கீழே வேட்டித் துணியை மடித்து வைத்தார். பிறகு எங்களை உட்கார வைத்து நடக்கப் போவதை எல்லாம் சொன்னார். முதல் ஊசியில் மயங்கும். இரண்டாவதில் நெஞ்சு நிற்கும். கண் மூடாது, திறந்தே இருக்கும், பயப்படாதீர்கள். செத்த பிறகும் ஒரு மூச்சு இழுக்கிற மாதிரி வரலாம், அது உயிர் இல்லை. ஒன்றையும் மறைக்கவில்லை. மத்தியானம் டாக்டர் வந்தார். அந்த அம்மா சொன்னபடியே எல்லாம் நடந்தது. அது முன்கூட்டித் தெரிந்திருந்ததால்தான் என் கையை நான் எடுக்காமல் அதன் தலையிலேயே வைத்திருந்தேன். கண் திறந்தே இருந்தது.

பெயிண்டு ரூமுக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தோம். பேத்தி தட்டையும் கூடவே வைத்தாள். ஆட்கள் போன பிறகு நான் அந்த மஞ்சள் வண்டிமேல் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா துணிகளை அலசிக் கூடையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“நான் லேட் பண்ணிட்டனாம்மா?” என்று கேட்டேன்.

“இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?” என்றாள் என் வீட்டுக்காரி. “நீங்க பார்த்த மாதிரி யார் பார்ப்பாங்க?”

அந்த அம்மா துணியைப் பிழிந்து உதறினார். “ஆமாண்ணா. பத்து நாள்.”

என் வீட்டுக்காரி எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். என் எதிரில் நின்று என் வேலையில் குற்றம் சொன்னவன் ஒருத்தன்கூட அதுவரை இல்லை. அவர் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன், கிளம்பவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து, செருப்பில்லாமல், தரையில் உட்கார்ந்தார். சாயங்கால ரயில் ஒன்று ஜங்ஷனில் நின்று புறப்பட்டுப் போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

எழுந்திருக்கும்போது வண்டியை அசைத்துப் பார்த்தார். சக்கரத்தைச் சுற்றிவிட்டார், கொக்கியைப் போட்டு எடுத்தார், அடியில் குனிந்து வெல்டிங்கை விரலால் தடவினார்.

“இதை எனக்குத் தர்றீங்களா? காளஹஸ்தியில ஒரு குட்டி இருக்குது, பின்னங்கால் ரெண்டும் பொறப்புலயே வராது. வலி ஒண்ணும் இல்லை, நல்லாத் துன்னுது. ஊர் சுத்த ஆசைப்படுது.”

“எடுத்துக்கினு போ,” என்றேன்.

“வேலை சுத்தமா இருக்குதுண்ணா,” என்றார்.

என் வேலையைப் புகழ்ந்தவர்கள் ஆயிரம் பேர். சீக்கிரம் முடித்துக் கொடுப்பேன் என்று புகழ்ந்தவர்கள் இருக்கிறார்கள், காரியம் ஆக வேண்டும் என்று புகழ்ந்தவர்களும் இருக்கிறார்கள். அந்த அம்மா சொன்னதை மட்டும்தான் நான் அப்படியே நம்புகிறேன். அதை நம்பினால் அவர் சொன்ன அந்தப் பத்து நாளையும் நம்பித்தான் ஆக வேண்டும்.